அறுவைக்கு முன் கீமோவா, கரண்டா, இம்யூனோவா? உணவுக்குழாய்ப் புற்றில் எதிர்ப்பணுக்களையும் கணக்கில் எடுத்து ஓர் ஒப்பீடு

உணவுக்குழாய்ப் புற்று என்று பயாப்சி சொல்லிவிட்டது. வேறு உறுப்புக்குப் பரவவில்லை என்று ஸ்கேனும் சொல்லிவிட்டது. அப்புறமும் டாக்டர் நேரே அறுவைக்குப் போவதில்லை, முதலில் மருந்து என்கிறார். ஓரிடத்தில் கீமோ மட்டும் போதும் என்கிறார்கள். இன்னோரிடத்தில் கீமோவோடு கதிர்வீச்சும், அதாவது கரண்டும், வைக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் இடத்தில் எதிர்ப்பணுக்களைத் தூண்டும் இம்யூனோதெரபியைச் சேர்க்கலாம் என்கிறார்கள். வீட்டிலோ வேறொரு கேள்வி ஓடுகிறது: இதெல்லாம் புற்றோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அழித்துவிடாதா?

அந்தப் பயம் பாதி சரி. ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பணுக்கள் குறையத்தான் செய்யும். ஆனால் புற்றுக் கட்டிக்குள் இருக்கும் எதிர்ப்பணுக்களின் கதை வேறு. சில மருந்துகள் அவற்றைத் தட்டி எழுப்பவும் செய்கின்றன. இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் வருகின்றன.

எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், பயாப்சி ரிப்போர்ட்டில் இருக்கும் ஒரே ஒரு சொல்: ஸ்குவாமஸா (குழாயின் உள்சுவரைப் போர்த்தும் தட்டை அணுக்களில் தொடங்குவது), அடினோகார்சினோமாவா (சுரப்பி வகை அணுக்களில் தொடங்குவது, சுருக்கமாக அடினோ)? மேற்கு நாடுகளில் அடினோ மிகுதி. அது பெரும்பாலும் குழாயின் அடிப்பகுதியில், இரைப்பை சேருமிடத்தில் வரும். இந்தியா, இலங்கை, சீனா, ஜப்பானில் ஸ்குவாமஸ்தான் அதிகம். ஜெர்மனியில் அடினோ நோயாளிகளிடம் வென்ற மருந்தை ஸ்குவாமஸ் வந்த ஒருவருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை. இணையத்தில் கட்டுரை தேடிப் படிப்பவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான்.

இரண்டாவது, உயிர்வாழ்வு. கீழே வரும் "இடைநிலை உயிர்வாழ்வு" என்பது பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம். மூன்றாவது, பிசிஆர். கொரோனா காலத்து மூக்குப் பரிசோதனை அல்ல இது. வெட்டியெடுத்த திசுவில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லாத நிலைக்கு நோய்க்குறியியலில் வைத்த பெயர். பிசிஆர் கூடினால் உயிர்வாழ்வும் அதே அளவு கூடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை என்பதைக் கீழே எண்களில் பார்க்கலாம்.

நான்காவது, ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை. டி செல்களை உள்ளடக்கிய எதிர்ப்பணு வகை இது. இதற்குத் தனிப் பரிசோதனை வேண்டாம், சாதாரண சிபிசி ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. மொத்த வெள்ளணுவை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் போதும். வெள்ளணு 3,200, லிம்போசைட் 8 சதவீதம் என்றால் எண்ணிக்கை 256. மைக்ரோலிட்டருக்கு 800க்குக் கீழே போனால் 2ஆம் நிலை, 500க்குக் கீழே 3ஆம் நிலை, 200க்குக் கீழே 4ஆம் நிலைக் குறைவு.

ஐந்தாவது, கட்டிக்குள் நடப்பது: புற்றணுவைக் கொல்லும் சிடி8 டி செல்கள், அவற்றைத் தடுத்துவைக்கும் ஃபாக்ஸ்பி3 ஒழுங்குபடுத்தும் டி செல்கள், புற்றுக்குத் துணைபோகும் சிடி163 வகை மேக்ரோபேஜ்கள் (விழுங்கும் அணுக்கள்), டி செல்லைத் தடுக்கும் பிடி-எல்1 புரதத்தின் அளவு. ஆறாவது, பணம், அலைச்சல், அறுவைவரை உடம்பு தாங்குமா என்பது.

ஒரே பார்வையில் (ஃப்ளாட், டிசிஎஃப், கிராஸ் என்பவை சிகிச்சை முறைகளின் பெயர்கள், விவரம் கீழே)

| | ஃப்ளாட் கீமோ | டிசிஎஃப் கீமோ | கிராஸ் (கீமோ + கரண்ட்) | கீமோ + இம்யூனோ |
|---|---|---|---|---|
| யாருக்கு | அடினோ | ஸ்குவாமஸ் | இரண்டுக்கும் | ஃப்ளாட்டோடு அடினோவுக்கு. ஸ்குவாமஸில் ஆய்வுகள் நடக்கின்றன |
| அறுவைக்கு முன் | 14 நாளுக்கு ஒன்று, 4 சுற்று | 21 நாளுக்கு ஒன்று, 3 சுற்று | 23 கரண்ட், வாரம் ஒரு கீமோ, 5 வாரம் | கூடவரும் கீமோவைப் பொறுத்தது |
| ரத்த லிம்போசைட் | மிதமாகக் குறையும், வாரங்களில் ஏறும் | மிதமாகக் குறையும், நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) ஆழமாக விழும் | மிக ஆழமாக விழும், ஏற மாதங்கள் ஆகும் | கீமோவைப் போலவே |
| மறைந்த செலவு | கைகால் மரப்பு, போர்ட் | காய்ச்சல், சிறுநீரகம், காது | இதயம், நுரையீரல், தினசரி அலைச்சல் | தைராய்டு முதல் இதயம் வரை தாக்கும் எதிர்ப்பு, விலை |

கீமோ மட்டும்

கீமோ மருந்து பிரியும் அணுக்களைத் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பவை நியூட்ரோபிலின் தாய் அணுக்கள். அதனால் முதல் அடி நியூட்ரோபிலுக்கு: மருந்து ஏறிய 7 முதல் 14ஆம் நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடும், அடுத்த சுற்றுக்குள் பெரும்பாலும் ஏறிவிடும். ரத்தத்தில் உள்ள டி செல்களில் பெரும்பகுதி பிரியாமல் காத்திருப்பவை. எனவே அவை குறைந்தாலும் அந்த ஆழத்துக்குப் போவதில்லை.

கட்டிக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். புற்றணு எப்படிச் சாகிறது என்பது முக்கியம். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து பட்டுச் சாகும் அணு, கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டுகிறது. ஏடிபி, எச்எம்ஜிபி1 ஆகியவற்றையும் வெளியே கசியவிடுகிறது. டென்ட்ரிட்டிக் செல்லுக்கு இவை "வந்து தின்னு" என்ற அழைப்பு. அது வந்து புற்றின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல்களுக்குக் காட்டுகிறது. சிஸ்பிளாட்டின் ஆக்சாலிபிளாட்டினுக்கு உறவுக்கார மருந்துதான், ஆனால் ஆய்வகச் சோதனைகளில் கால்ரெட்டிகுலினை அது சரியாக வெளிக்கொணர்வதில்லை. ஒரே குடும்பத்து மருந்துகள் எதிர்ப்பணு விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். 5-எஃப்யூ என்ற இன்னொரு கீமோ மருந்துக்கு வேறொரு வேலை: எதிர்ப்பை அமுக்கும் மஜ்ஜைவழி அணுக்களை அது குறைப்பது எலிகளில் காணப்பட்டிருக்கிறது.

கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்பட்ட கட்டிகளில் சிடி8 கூடியும் ஃபாக்ஸ்பி3 குறைந்தும் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இதை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். சிகிச்சைக்கு முன் கிடைப்பது எண்டோஸ்கோப்பி கிள்ளியெடுத்த சில மில்லிமீட்டர் மேல்தோல். பின்னால் கிடைப்பது வெட்டியெடுத்த முழு உணவுக்குழாய். முன்னதில் ஆழத்துத் திசுவே இல்லை. கட்டி சுருங்கியிருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் எண்ணும்போது அணு புதிதாக வராமலே அடர்த்தி கூடித் தெரியும். புற்று முழுதும் அழிந்தவரிடம் எண்ணுவதற்குக் கட்டியே இல்லாததால் அவர் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறார். "கீமோவுக்குப் பின் டி செல் கூடியது" என்ற வரியைப் படிக்கும்போது இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள்.

*அடினோவுக்கு ஃப்ளாட்.* சதுர மீட்டர் உடற்பரப்புக்கு டோசிடாக்செல் 50 மி.கி., ஆக்சாலிபிளாட்டின் 85, லியூகோவோரின் 200, 5-எஃப்யூ 2,600. கடைசி மருந்து 24 மணி நேரம் சொட்டும், அதனால் நெஞ்சில் தோலுக்கடியில் மருந்து ஏற்றும் போர்ட் வைக்கவேண்டி வரும். அறுவைக்கு முன் 4 சுற்று, பின் 4 சுற்று. 438 பேரை வைத்து ஜெர்மனியில் நடந்த இசோபெக் ஆய்வின் முடிவு 2025 ஜனவரியில் வந்தது. ஃப்ளாட் குழுவில் இடைநிலை உயிர்வாழ்வு 66 மாதம், கிராஸ் குழுவில் 37 மாதம். அடினோ உள்ள, தெம்பான நோயாளிக்கு இதற்கு மேல் விவாதம் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

ஃப்ளாட்டின் மறைந்த செலவு ஆக்சாலிபிளாட்டின் தரும் நரம்புக் கோளாறு. முதல் சில நாள் குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை இறுகும், பிரிட்ஜுக்குள் கைவிட்டால் விரல் சுள்ளென்று குத்தும். இது தானே போய்விடும். சுற்றுகள் கூடக்கூட வரும் மரப்பு அவ்வளவு சுலபமாகப் போகாது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால் டாக்டரிடம் உடனே சொல்லவேண்டும், அளவைக் குறைப்பார்கள்.

*ஸ்குவாமஸுக்கு டிசிஎஃப்.* டோசிடாக்செல் 70, சிஸ்பிளாட்டின் 70 முதல் நாளில்; 5-எஃப்யூ 750 வீதம் ஐந்து நாள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று சுற்று. ஜப்பானின் ஜேகாக் 1109 ஆய்வு 601 பேரை மூன்றாகப் பிரித்தது: பழைய இரு மருந்துக் கீமோ, டிசிஎஃப், இரு மருந்தோடு 41.4 கிரே (கதிரின் அளவு) கரண்ட். மூன்றாண்டு உயிர்வாழ்வு முறையே 62.6, 72.1, 68.3 சதவீதம். டிசிஎஃப் பழைய கீமோவைத் தெளிவாக வென்றது. கரண்ட் சேர்த்த குழுவின் முன்னேற்றம் புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை.

விலை காய்ச்சலில் தெரிந்தது. நியூட்ரோபில் விழுந்து காய்ச்சல் வந்தவர்கள் டிசிஎஃப் குழுவில் 16 சதவீதம், பழைய கீமோவில் 1 சதவீதம். வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் பாரசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. அந்த ராத்திரியே மருத்துவமனை. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும். கிரியேட்டினின் கூடியவர்களுக்கும் ஏற்கெனவே காது மந்தமானவர்களுக்கும் இந்த வழி பொருந்தாது.

இரண்டு கீமோவிலும் 5-எஃப்யூ இருக்கிறது. அதை உடைக்கும் டிபிடி என்சைம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு முதல் சுற்றே உயிருக்கு ஆபத்தாகலாம். முன்கூட்டியே டிபிஒய்டி மரபணுப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

கீமோவோடு கரண்ட்

நெதர்லாந்தின் கிராஸ் முறை: ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் 23 தடவை, மொத்தம் 41.4 கிரே. கூடவே வாரம் ஒரு முறை பாக்லிடாக்செல் 50 மி.கி., ஏயூசி 2 அளவில் (சிறுநீரகத் திறனை வைத்துக் கணக்கிடுவது) கார்போபிளாட்டின். 2012இல் வந்த முடிவில், நேரடி அறுவையில் 24 மாதமாக இருந்த இடைநிலை உயிர்வாழ்வு 49.4 மாதமானது. பிசிஆர் ஸ்குவாமஸில் 49 சதவீதம், அடினோவில் 23. விளிம்பில் புற்றில்லாமல் முழுதாக வெட்டியெடுக்க முடிந்தது 92 சதவீதத்தினருக்கு. நேரடி அறுவையில் அது 69.

கட்டியை இருந்த இடத்திலேயே அழிப்பதில் இதற்கு ஈடில்லை. ஆனால் லிம்போசைட்டுக்கு இதுதான் பெரிய அடி. உடம்பிலேயே கதிருக்கு மிக எளிதில் இறக்கும் அணுக்களில் ஒன்று லிம்போசைட். சுமார் 2 கிரே பட்டாலே பாதி செத்துவிடும். பிரிந்துகொண்டிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, சும்மா இருக்கும் லிம்போசைட்டும் சாகும். உணவுக்குழாயோ இதயத்துக்கும் மகாதமனிக்கும் நடுவே ஓடுகிறது. இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது, உடம்பின் மொத்த ரத்தமே அவ்வளவுதான். எனவே ஒவ்வொரு அமர்விலும் உடம்பு முழுவதன் ரத்தமும் கதிர் வழியில் வந்து போகிறது. 23 நாள் இப்படி. கட்டி கீழ்ப்பகுதியில் இருந்தால் லிம்போசைட்டின் கிடங்கான மண்ணீரலும் கதிரின் ஓரத்தில் மாட்டும். முதுகெலும்பு மஜ்ஜை எப்படியும் மாட்டும்.

நியூட்ரோபில் சில வாரங்களில் மீளும், டி செல் அப்படி மீளாது. புது டி செல் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பி இந்த வயதில் சுருங்கிப்போயிருக்கும். மிஞ்சிய டி செல்கள் பெருகித்தான் இடத்தை நிரப்பவேண்டும், அதனால்தான் மாதக்கணக்கு.

குறைக்க வழி உண்டு. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டில், 4ஆம் நிலை லிம்போசைட் குறைவு சாதாரண ஐஎம்ஆர்டி கரண்டில் 40.4 சதவீதம், புரோட்டான் கதிரில் 17.6 சதவீதம். புரோட்டான் கட்டியைத் தாண்டி இதயத்துக்குள் பாய்வது குறைவு என்பதே காரணம். சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் மையம் இயங்குகிறது, செலவு சாதாரண கரண்டைவிடப் பலமடங்கு. அது பழைய நோயாளிக் குறிப்புகளை வைத்துச் செய்த ஒப்பீடு, குலுக்கல் முறை ஆய்வல்ல. அந்த எண்ணுக்காக மட்டும் நிலத்தை விற்கத் தேவையில்லை. சாதாரண கரண்டிலும் இதயத்துக்கும் மண்ணீரலுக்கும் சராசரி எத்தனை கிரே விழுகிறது என்று கதிர் மருத்துவரைக் கேட்கலாம். திட்டத்தைத் திருத்திக் குறைக்க முடிந்தால் குறைப்பார்.

லிம்போசைட் அதிகம் விழுந்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதல் என்று பல மருத்துவமனைப் பதிவுகள் காட்டுகின்றன. லிம்போசைட் குறைந்ததால்தான் நோய் திரும்பியது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. பெரிய கட்டிக்குப் பெரிய பரப்பில் கதிர், பெரிய பரப்பால் அதிகக் குறைவு, பெரிய கட்டி என்பதாலேயே அதிக ஆபத்து, இப்படியும் இருக்கலாம். ஆனால் ஒன்று பொருந்தி வருகிறது. கிராஸின் பத்தாண்டு முடிவில் கட்டி இருந்த இடத்திலும் சுற்றிலும் நோய் திரும்புவது குறைந்தது. தொலைவில் மட்டும் திரும்புவது குறையவில்லை. ஜேகாக் 1109இலும் அதே தோரணைதான்: பிசிஆர் கரண்ட் குழுவில் 38.5 சதவீதம், டிசிஎஃபில் 19.8. ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் உயிர்வாழ்வில் அந்த முன்னிலை தெரியவில்லை. கரண்ட் பட்ட இடத்தைச் சுத்தம் செய்கிறது. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ ஏற்கெனவே நழுவிவிட்ட அணுவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கிராஸ் எப்போது மேல்? ஸ்குவாமஸ் கட்டி மூச்சுக்குழாயையோ மகாதமனியையோ ஒட்டியிருந்து முழுதாக வெட்ட முடியுமா என்ற சந்தேகம் இருக்கும்போது. சிஸ்பிளாட்டின் தாங்காத சிறுநீரகம் உள்ளவருக்கு. அறுவையையே தள்ளிப்போட விரும்புபவருக்கு: நெதர்லாந்தின் சானோ ஆய்வில், கிராஸ் முடித்துப் புற்று தெரியாதவர்களை வெட்டாமல் கண்காணித்ததில் இரண்டாண்டு உயிர்வாழ்வு 74 சதவீதம், உடனே வெட்டியவர்களுக்கு 71. ஆனால் கண்காணிப்பு என்றால் குறித்த தேதியில் எண்டோஸ்கோப்பியும் ஆழமான பயாப்சியும் ஸ்கேனும் தவறாமல் செய்யவேண்டும். ஊருக்கும் மருத்துவமனைக்கும் 300 கிலோமீட்டர் என்றால் இந்த வழியை நம்பாதீர்கள்.

கீமோவோடு இம்யூனோதெரபி

இதன் தர்க்கம் நேரானது. கீமோ டி செல்லை உள்ளே அழைக்கிறது. வந்த டி செல் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கிறது, அதைக் கண்டு புற்றணு பிடி-எல்1 என்ற கேடயத்தைத் தூக்குகிறது. பிடி-1 அல்லது பிடி-எல்1 தடுப்பு மருந்து அந்தக் கேடயத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அறுவைக்கு முன்பே ஏன்? கட்டியும், டி செல்லுக்குப் பயிற்சி தரும் அருகாமை நிணநீர் முடிச்சுகளும் அப்போதுதான் உடம்பில் இருக்கின்றன. அறுவையில் அந்த முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள்.

இரைப்பை மற்றும் இரைப்பை சேருமிட அடினோவில் மேட்டர்ஹார்ன் ஆய்வு, 948 பேர்: ஃப்ளாட்டோடு நான்கு வாரத்துக்கு ஒன்றாக 1,500 மி.கி. துர்வலுமாப் என்ற பிடி-எல்1 தடுப்பு மருந்தைச் சேர்த்ததில் பிசிஆர் 7.2லிருந்து 19.2 சதவீதமானது. நோய் திரும்பாமலோ முற்றாமலோ இரண்டாண்டு கடந்தவர்கள் 58.5லிருந்து 67.4 சதவீதம். ஸ்குவாமஸில் சீனாவின் எஸ்கார்ட்-நியோ, 2024: கீமோ மட்டும் 4.7 சதவீதம் பிசிஆர், கேம்ரெலிசுமாப் என்ற பிடி-1 தடுப்பு மருந்தும் நாப்-பாக்லிடாக்செலும் சேர்ந்த குழுவில் 28. கவர்ச்சியான எண்தான். மேலே பார்த்தபடி, பிசிஆரை மட்டும் வைத்து ஸ்குவாமஸில் முடிவெடுப்பது அவசரம்.

யாருக்கு இது யோசிக்காமல் முதல் கேள்வியாக இருக்கவேண்டும் என்றால், எம்எஸ்ஐ-ஹை (டிஎன்ஏ பிழையைத் திருத்தும் திறனை இழந்த) கட்டி உள்ள அடினோ நோயாளிக்கு. பிரான்சின் நியோநிபிகா ஆய்வில், கீமோவே இல்லாமல் இரு இம்யூனோ மருந்து மட்டும் கொடுத்து அறுவை செய்த 29 பேரில் 17 பேருக்குப் புற்று முழுதாக அழிந்திருந்தது. இந்தக் கட்டிகள் அரிது. ஆனாலும் அந்த ஒரு பரிசோதனையைக் கீமோ தொடங்குமுன் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

மறைந்த செலவு, தூண்டிவிட்ட எதிர்ப்பு தன் உடம்பையே தாக்குவது. தைராய்டு மந்தம் சாதாரணம், மாத்திரையில் அடங்கும். அட்ரினல் செயலிழப்பு, நுரையீரல் அழற்சி, அரிதாக இதயத்தசை அழற்சி, இவை அறுவையையே தள்ளிவைக்கும். தொடங்குமுன் தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச், அட்ரினலைக் காட்டும் காலைக் கார்ட்டிசால், சர்க்கரை பார்த்துவைப்பது அடிப்படை. பின்னால் எது மாறியது என்று தெரிய வேறு வழியில்லை. முடக்குவாதம், லூபஸ் போன்றவை ஏற்கெனவே இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கிராஸுக்குப் பின் இம்யூனோ என்ற இன்னொரு பாதையும் உண்டு. முழுதாக வெட்டியும் திசுவில் புற்று மிச்சமிருந்தால் ஓராண்டு நிவோலுமாப் என்ற பிடி-1 தடுப்பு ஊசி. செக்மேட் 577இல் நோய் திரும்பாத இடைநிலைக் காலம் 11 மாதத்திலிருந்து 22.4 ஆனது. மொத்தம் 17 ஊசி வரை போகும். பணத்தை முதல் ஊசிக்கு முன் முழுதாகக் கணக்கிடுங்கள்.

எண்களைப் படிப்பதில் வரும் தவறுகள்

நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்து வரும் என்எல்ஆர் என்ற விகிதத்தை ரிப்போர்ட்டில் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. டோசிடாக்செலுக்கு முந்தைய நாள் தொடங்கி மூன்று நாள் டெக்ஸாமெத்தசோன் கொடுப்பது வழக்கம். அந்த ஸ்டீராய்டு ஒன்றே நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை ரத்தத்திலிருந்து தற்காலிகமாக ஒதுக்கிவிடும். நியூட்ரோபிலைக் கூட்டப் போடும் ஜிசிஎஸ்எஃப் ஊசியும் விகிதத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தொடங்குமுன் எடுத்த ரத்தத்தை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

பிடி-எல்1 சிபிஎஸ் எண்ணும் அப்படித்தான். பிடி-எல்1 உள்ள புற்றணு, லிம்போசைட், மேக்ரோபேஜ் மூன்றையும் கூட்டி, உயிருள்ள புற்றணுவால் வகுத்து 100ஆல் பெருக்குகிறார்கள். கீமோவுக்குப் பின் வகுக்கும் எண்ணே சுருங்கிவிடுவதால் சிபிஎஸ் தாவும். பயாப்சியில் 5, அறுவைத் திசுவில் 20 என்றால் ஏதோ ஓர் ஆய்வகம் தவறு செய்தது என்று அர்த்தமில்லை.

அறுவைத் தேதி பற்றியும் ஒரு குழப்பம் வருகிறது. கீமோ முடிந்து சுமார் 4 முதல் 6 வாரம், கிராஸ் முடிந்து பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் என்று குறிப்பார்கள். கரண்டுக்குப் பிறகு அந்த நாளிலும் லிம்போசைட் 600 என்று நிற்கலாம். அதற்காக மட்டும் அறுவையைத் தள்ளிவைப்பதில்லை, லிம்போசைட்டை ஏற்ற மருந்தும் இல்லை. பப்பாளி இலைச் சாறும் விற்பனைக்கு வரும் "இம்யூனிட்டி" பொடிகளும் இந்த எண்ணை மாற்றும் என்பதற்கு ஆதாரமில்லை, ஈரலைத் தொந்தரவு செய்தால் அடுத்த சுற்றுத்தான் தாமதமாகும். தள்ளிவைக்க வைப்பவை காய்ச்சல், நுரையீரல் தொற்று, எடை இழப்பு. விழுங்க முடியாமல் எடை குறைந்துகொண்டே போனால் முதல் சுற்றுக்கு முன்பே சிறுகுடலில் உணவு செலுத்தும் குழாய் வைப்பது பற்றிப் பேசுங்கள். மருந்து எதுவானாலும் முழு அளவில் முடிக்கப் பெரும்பாலும் அதுதான் வழிவிடுகிறது.